பர்ஸ்ட் இயர்ல எந்த ஹிஸ்டரி பேப்பர் எடுக்கறது? பாண்டி, கடலூர் பசங்களுக்கு ஒரு வழிகாட்டி

காலேஜ் தொறந்து ஒரு வாரம் ஆகறதுக்குள்ள தெருப் பசங்களும் சொந்தக்காரங்க வீட்டுப் புள்ளைங்களும் என்கிட்ட வந்து கேக்கறது ஒண்ணுதான், "அக்கா, ஹிஸ்டரில எந்த பேப்பர் ஈஸி?" நான் ஹிஸ்டரி படிச்சவ, இப்பவும் அதுலயே கெடக்கறவ, அதனால என்கிட்ட வர்றாங்க. அவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது, உனக்கு எதைச் செய்யப் புடிக்கும்? ஆரம்பத்துலேர்ந்து வரிசையா படிச்சிட்டுப் போறதா, ஒரு சண்டை ஏன் வந்துச்சு எதுக்கு வந்துச்சுன்னு பக்கம் பக்கமா எழுதறதா, இல்ல வெளிய போய் கல்வெட்டு, பானை ஓடு, பழைய கட்டடம்னு கண்ணால பாக்கறதா? ஹிஸ்டரின்னு ஒரே பேர்ல வந்தாலும் ஒவ்வொரு பேப்பரும் ஒவ்வொரு மாதிரி வேலை வாங்கும். தலைப்பை மட்டும் பார்த்து டிக் அடிச்சிட்டு செமஸ்டர் பாதியில முழிக்கற புள்ளைங்களை வருஷா வருஷம் பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கும், அதான் இதை உக்காந்து எழுதறேன்.

மொதல்ல, உங்களுக்கு உண்மையிலேயே சாய்ஸ் எங்க இருக்குன்னு பாருங்க

இதுல பாண்டிக்கும் கடலூருக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. கடலூர்ல இருந்து பாண்டிக்கு பஸ்ல ஒரு மணி நேரம்தான், ஆனா ரெண்டு ஊர் காலேஜும் ரெண்டு வேற சட்டத்துல ஓடுது.

பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்ற காலேஜ்னா இப்போ புது கல்விக் கொள்கைப்படி நடக்குது. அதுல மேஜர் (முக்கியப் பாடம்), மைனர் (துணைப் பாடம்), மல்டிடிசிப்ளினரி (வேற துறைப் பாடம்), ஸ்கில், வேல்யூ ஆடட்னு தனித்தனியா பிரிச்சு வச்சிருப்பாங்க. யூஜிசி கணக்குல மூணு வருஷ டிகிரிக்கு 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் குடுக்கற எடை அளவு), அதுல மேஜர் 60, மைனர் 24, மல்டிடிசிப்ளினரி 9. நீங்க பி.ஏ. ஹிஸ்டரின்னா மேஜர் பேப்பர் எல்லாம் டிபார்ட்மென்ட்டே முடிவு பண்ணிடும், பர்ஸ்ட் இயர்ல அங்க உங்களுக்கு பெருசா தேர்வு இருக்காது. பி.காம், பி.எஸ்சி, இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கறவங்க ஹிஸ்டரியை மைனராவோ மல்டிடிசிப்ளினரியாவோ எடுக்கலாம், தேர்ந்தெடுக்கற பொறுப்பு உங்க தலையில வர்றது அங்கதான். இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல: ப்ளஸ் டூல படிச்ச பாடத்தையே மல்டிடிசிப்ளினரில திரும்ப எடுக்கக் கூடாதுன்னு யூஜிசி சட்டகத்துல இருக்கு. ப்ளஸ் டூல ஹிஸ்டரி எடுத்துட்டு இப்ப பி.காம் சேர்ந்திருக்கீங்கன்னா, மல்டிடிசிப்ளினரில ஹிஸ்டரி பேப்பருக்குப் பேர் குடுக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அப்புறம் செமஸ்டர் நடுவுல பேரை எடுத்துட்டாங்கன்னு அலைய வேண்டாம்.

கடலூர் பக்கம், அதாவது அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜ்கள்ல, தமிழ்நாட்டு முறைதான். பார்ட் ஒண்ணு தமிழ், பார்ட் ரெண்டு இங்கிலீஷ், பார்ட் மூணுல கோர் பேப்பரும் கூட ஒரு எலெக்டிவும் (சீனியர்ங்க இன்னும் அலைடுன்னுதான் சொல்லுவாங்க), பார்ட் நாலுல என்எம்இ, அதாவது நான் மேஜர் எலெக்டிவ். இந்த என்எம்இ உங்க மேஜர் இல்லாத வேற டிபார்ட்மென்ட்ல இருந்து எடுக்கணும், வாரத்துல ரெண்டு மணி நேரம் அந்த மாதிரிதான் கிளாஸ் இருக்கும். மேத்ஸ் படிக்கற புள்ள ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் நடத்தற என்எம்இல சேரலாம், ஹிஸ்டரி படிக்கற புள்ள வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போகணும். பள்ளிக்கூடத்துல தமிழே படிக்காம வந்தவங்களுக்கு அந்த எடத்துல அடிப்படைத் தமிழ் குடுத்துடுவாங்க, அவங்களுக்கு இந்தத் தேர்வு இல்ல.

அதனால மொத வேலை, உங்க காலேஜ் குடுத்த பேப்பர்ல ஒவ்வொரு கோர்ஸுக்கும் பக்கத்துல அது எந்த வகை, எத்தன கிரெடிட்னு பென்சில்ல எழுதிக்கோங்க. நீங்க முடிவெடுக்க வேண்டியது ஒண்ணோ ரெண்டோ இடத்துலதான்னு அப்பவே தெரிஞ்சிடும், பாதி பயம் போயிடும்.

ஸ்கூல்ல என்ன படிச்சீங்கன்னு நெனச்சுப் பாருங்க

தமிழ்நாடு ஸ்டேட் போர்டுல வந்தவங்க பதினொண்ணாவதுல ஆரம்பத்துலேர்ந்து இந்திய வரலாறு படிச்சிருப்பீங்க, பன்னெண்டாவதுல பாதி சுதந்திரப் போராட்டம், மீதி ஐரோப்பா, புரட்சிகள், உலகப் போர்னு உலக வரலாறு. பாண்டியில அரசுப் பள்ளிகள் எல்லாம் சிபிஎஸ்இக்கு மாறிட்டதால இப்ப வர்ற புள்ளைங்க என்சிஇஆர்டி படிச்சிட்டு வர்றாங்க, அது வேற மாதிரி, வரிசையா ராஜா ராஜாவா போகாம ஹரப்பா, பக்தி, விஜயநகரம்னு ஒவ்வொரு தலைப்பா எடுத்து அதுக்குள்ள ஆழமா போகும், ஆதாரத்தைக் காட்டி அதுல இருந்து என்ன தெரியுதுன்னு கேக்கும். ஆனா அதுல சோழனும் பல்லவனும் கொஞ்சம்தான் வருவாங்க. அப்ப சிபிஎஸ்இ புள்ள தமிழ்நாட்டு வரலாறு பேப்பர் எடுத்தா புதுசா நெறைய கத்துக்கும், ஆனா மொத மாசம் பேருங்களே தலையைச் சுத்தும். ஸ்டேட் போர்டு புள்ளைக்கு அந்தப் பேருங்க பழக்கம், ஆனா "இந்த ஆதாரத்தை எப்படி நம்பறது"ன்னு கேட்டா கை நின்னுடும். ரெண்டும் குறை இல்ல, எந்தப் பக்கம் பழக்கம் இல்லையோ அந்தப் பக்கம் கொஞ்சம் கூட நேரம் ஒதுக்கணும், அவ்ளோதான்.

சயின்ஸ் குரூப்ல இருந்து வந்தவங்க பத்தாவதோட ஹிஸ்டரியை விட்டிருப்பீங்க. பயப்பட வேண்டாம். ஸ்டேட் போர்டு பதினொண்ணாவது ஹிஸ்டரி புக்கு தமிழ்லயே நெட்ல ப்ரீயா கெடைக்குது, கிளாஸ் தொடங்கறதுக்குள்ள அதை ஒரு தடவ கதை படிக்கற மாதிரி படிச்சிட்டு வந்தா போதும், நோட்ஸ் கூட எடுக்க வேணாம்.

தலைப்பை மறந்துட்டு யூனிட்டைப் படிங்க

நான் ரொம்ப அழுத்திச் சொல்றது இதைத்தான். சிலபஸ்ல ஒவ்வொரு பேப்பருக்கும் பெரும்பாலும் அஞ்சு யூனிட் இருக்கும். தலைப்பு "தமிழ்நாட்டு வரலாறு"ன்னு இருக்கும், யூனிட்டைத் தொறந்து பாத்தா ஒண்ணுல சங்ககாலம், அடுத்ததுல பல்லவர், அதுக்கடுத்து சோழர், பாண்டியர்னு போகும், கடைசி யூனிட்ல சமூகம், கோயில், வணிகம்னு ஒரு நாலு வரி இருக்கும். இன்னொரு பேப்பர் தலைப்பும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா உள்ள நாயக்கர், மராத்தியர், ஆற்காடு நவாபு, கம்பெனி ஆட்சி, நீதிக்கட்சி, சுயமரியாதை இயக்கம்னு இருக்கும். ரெண்டும் ஒரே பேருதானேன்னு எடுத்தீங்கன்னா நீங்க ஆசைப்பட்டது ஒண்ணு, படிக்கப் போறது வேற.

யூனிட்டைப் படிக்கறப்ப எந்த மாதிரி வார்த்தை வருதுன்னு பாருங்க. வெறும் பேரா அடுக்கியிருந்தா, "நரசிம்மவர்மன் – நந்திவர்மன் – நிருபதுங்கவர்மன்" இப்படி, அது மனப்பாடம் கேக்கற பேப்பர், வருஷமும் வரிசையும் ஞாபகம் வச்சுக்கறவங்களுக்கு சரியா வரும். "காரணங்கள், விளைவுகள், தன்மை, விவாதம்" இந்த மாதிரி வார்த்தை வந்தா அது எழுத்து கேக்கற பேப்பர். "கல்வெட்டு, நாணயம், அகழாய்வு, களப்பயணம்"னு வந்தா கால்ல செருப்பு போட்டுக்கிட்டு கெளம்பணும். இது மூணுல உங்களுக்கு எது ஒத்துவரும்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் கடைசியில குடுத்திருக்கற புத்தகப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்க, தமிழ்ல எத்தன புக்கு, இங்கிலீஷ்ல எத்தன, உங்க காலேஜ் லைப்ரரில அது இருக்கா. லைப்ரரில இல்லாத புக்கை மட்டுமே நம்பி ஒரு பேப்பர் ஓடுதுன்னா, கடைசில எல்லாரும் யாரோ எழுதுன ஜெராக்ஸ் நோட்ஸை வச்சுத்தான் படிப்பாங்க, அதுல இருக்கற தப்பு வருஷம் அப்படியே பேட்ச் பேட்ச்சா கை மாறிட்டே வரும்.

பழைய கேள்வித்தாளை எங்கயாவது புடிங்க

சிலபஸ் என்ன சொன்னாலும் ஒரு பேப்பர் உங்ககிட்ட எதிர்பாக்கறது என்னன்னு கேள்வித்தாள்தான் காட்டும். ரெண்டு மூணு வருஷத்துது கெடைச்சா நல்லது, லைப்ரரில பைண்ட் பண்ணி வச்சிருப்பாங்க, இல்லன்னா டிபார்ட்மென்ட் சீனியர்கிட்ட கண்டிப்பா இருக்கும். பெரும்பாலான காலேஜ்ல 25 மார்க் இன்டர்னல், 75 மார்க் செமஸ்டர் எக்ஸாம், அதுல ரெண்டு மார்க், அஞ்சு மார்க், பத்து மார்க்னு பிரிச்சிருப்பாங்க.

பத்து மார்க் கேள்வியை மட்டும் எடுத்துப் படிங்க. உதாரணத்துக்கு நம்ம பக்கத்துல இங்கிலீஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் போட்ட கர்நாடகப் போர்னு எடுத்துக்கோங்க. "முதல் கர்நாடகப் போர் பற்றி எழுதுக"ன்னு கேட்டா அது ஒரு வகை, 1746ல பிரெஞ்சுக்காரர் லபூர்தொனே சென்னையைப் புடிச்சார், 1748ல இங்கிலீஷ்காரர் பாஸ்கவென் பாண்டிச்சேரியை முற்றுகை போட்டு தோத்துப் போனார், எக்ஸ்லா ஷபேல் உடன்படிக்கைல சென்னையைத் திருப்பிக் குடுத்தாங்க, வரிசையா எழுதினா மார்க் வந்துடும். "துய்ப்ளேயின் தோல்விக்குக் கடற்படை வலிமையின்மை எந்த அளவுக்குக் காரணம்"னு கேட்டா அது வேற வகை (துய்ப்ளே அப்ப பாண்டிச்சேரியில பிரெஞ்சு கவர்னர்). இங்க வருஷம் தெரிஞ்சா மட்டும் பத்தாது, கடற்படை எவ்ளோ காரணம், பணம் எவ்ளோ காரணம், பாரிஸ்ல இருந்த கம்பெனிக்காரங்க எவ்ளோ காரணம்னு எடை போட்டு ஒரு பக்கம் நிக்கணும். மூணு வருஷ கேள்வித்தாள்லயும் மொத வகைதான் வருதுன்னா அந்த பேப்பர் எப்படின்னு தெரிஞ்சிடுச்சு. ரெண்டாவது வகை அடிக்கடி வந்தா நல்ல வாத்தியார் யாரோ கேள்வி எடுக்கறாங்க, அந்த பேப்பர்ல படிச்சா ஹிஸ்டரி ஏன் படிக்கறோம்னு உங்களுக்குப் புரியும், மார்க் ஒண்ணு ரெண்டு கொறஞ்சாலும் பரவால்ல எடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

என்னென்ன பேப்பர் வரும், நம்ம ஊர்ல இருந்து பாத்தா எது எப்படி

பண்டைய இந்திய வரலாறு. எல்லா காலேஜ்லயும் இருக்கும், சிந்துவெளில ஆரம்பிச்சு போகும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்கு, அரிக்கமேடு. பாண்டியில இருந்து கடலூர் பஸ் ஏறினா அரியாங்குப்பம், அங்கேர்ந்து காக்காயந்தோப்பு. 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அப்புறம் கசால் 1947லேர்ந்து 1950 வரைக்கும், அதுக்கப்புறம் விமலா பெக்லி 1989லேர்ந்து 1992 வரைக்கும். வீலருக்கு அங்க கெடைச்ச இத்தாலி நாட்டு மட்பாண்ட ஓடுங்களுக்கு எந்தக் காலம்னு ஏற்கெனவே தெரியும், அதை வச்சு அதே மண் அடுக்குல கெடந்த நம்ம ஊர்ப் பானைங்களுக்கும் காலம் சொன்னார், தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது ஒரு பிடிமானம் ஆச்சு. பின்னாடி பெக்லி தோண்டினப்ப அந்த ஊர் ரோமானிய வணிகத்துக்கு முன்னாடியே இருந்துச்சுன்னு தெரிய வந்துச்சு. பாடப்புத்தகத்துல இருக்கற ஒரு தேதி எங்கேர்ந்து வந்துச்சு, அது எப்படி மாறுதுன்னு இதைவிட நல்லா யாரும் சொல்லித்தர முடியாது. அங்க போனா இப்ப நிக்கற செங்கல் சுவரைப் பாத்து ரோமானியர் கட்டினதுன்னு நெறைய பேர் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க, அது பதினெட்டாம் நூற்றாண்டுல பிரெஞ்சு பாதிரிமாருங்க கட்டின கட்டடம். தோண்டி எடுத்த பொருளைப் பாக்கணும்னா பாண்டி மியூசியத்துக்குப் போகணும், மணி, ஆம்போரா ஜாடித் துண்டு எல்லாம் அங்க இருக்கு. உங்க காலேஜ் பண்டைய இந்தியா பேப்பர்ல களப்பயணம்னு ஒரு வரி இருந்தா இதுக்குக் கூட்டிட்டுப் போவாங்களான்னு கேளுங்க.

தமிழ்நாட்டு வரலாறு. கல்வெட்டு, கோயில் புடிச்சவங்களுக்கு. இதுலயும் தூரமா போக வேணாம், கன்னியக்கோயில்ல திரும்பினா பாகூர். நிருபதுங்கவர்மன் காலத்து பாகூர் செப்பேடு, அங்க இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூணு கிராமத்தை எழுதி வச்ச சாசனம். அதாவது ஒன்பதாம் நூற்றாண்டுலயே அந்த ஊர்ல ஒரு கல்விச்சாலைக்கு வருமானம் ஒதுக்கியிருக்காங்க. அங்க மூலநாதர் கோயில் சுவர்ல சோழர் காலக் கல்வெட்டு இருக்கு, மொத நாள் ஒரு எழுத்தும் புரியாது, வாத்தியார் கூட இருந்தா ரெண்டாவது தடவை "ஸ்வஸ்தி ஸ்ரீ"யாவது கண்டுபுடிச்சிடுவீங்க. கடலூர் பக்கத்துல திருவதிகை வீரட்டானம், அப்பர் சமணத்துல இருந்து சைவத்துக்குத் திரும்பின கதை அங்கதான் நடக்குது, பல்லவர் காலத்து சமய மாற்றம்னு யூனிட்ல வந்தா அந்தக் கோயிலை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஐரோப்பியர் வருகை, நவீன இந்தியா. என்னைக் கேட்டா, பாண்டி கடலூர் புள்ளைங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பேப்பர் இல்ல. வேற ஊர்ப் புள்ளைங்க மேப்புல தேடற எடமெல்லாம் நமக்கு டவுன் பஸ் போற எடம். தேவனாம்பட்டினத்துல பெரியார் கலைக்கல்லூரி இருக்கு பாருங்க, அந்த ஊர்லதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1690ல இங்கிலீஷ்காரங்க மராத்தியர்கிட்ட அதை வாங்கினப்ப, கோட்டையில இருந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அது வரைக்கும் உள்ள கிராமம் சேர்ந்ததுன்னு ஒப்பந்தம், அதனால குண்டு கிராமம்னே பேர் வந்துச்சு. 1746ல சென்னை பிரெஞ்சுக்காரங்க கையில போனதும் தென்னிந்தியாவுல கம்பெனிக்குத் தலைமை இடமே இந்தக் கோட்டைதான், 1752 வரைக்கும். 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி புடிச்சு இடிச்சுட்டார்.

இந்தப் பக்கம் பாண்டியில ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேகிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736லேர்ந்து கிட்டத்தட்ட சாகற வரைக்கும் டைரி எழுதினார், தமிழ்ல. 1761 ஜனவரியில ஊர் இங்கிலீஷ்காரங்க கையில விழறதுக்குச் சில நாள் முன்னாடி செத்துப் போயிட்டார். இந்த டைரியை எதுக்கு சொல்றேன்னா, பாடப்புத்தகத்துல 1748 முற்றுகை ஒரே வரி. டைரில அதே மாசங்கள்ல ஊருக்குள்ள என்ன நடந்துச்சு, யார் பயந்து ஓடினாங்க, வேதபுரீஸ்வரன் கோயிலை இடிச்சப்ப ஜனங்க என்ன பேசினாங்க, பெரிய மனுஷங்க ஏன் ஒண்ணு சேரலன்னு நாள் தேதி போட்டு இருக்கு. எழுதினவர் துரைகிட்ட வேலை பாத்தவர், அவருக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, சிலரை அவருக்குப் புடிக்காது, அதையும் சேர்த்துத்தான் படிக்கணும். அந்த ஒரு வரியையும் இந்தப் பக்கங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க, ஆதாரம்னா என்னன்னு ஒரு சாயங்காலத்துல புரிஞ்சிடும். உங்க சிலபஸ்ல டைரி பேர் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னாலும் வாத்தியார்கிட்ட அசைன்மென்ட்டுக்கு இதை எடுத்துக்கறேன்னு கேளுங்க, இன்டர்னல் மார்க்குக்கு அசைன்மென்ட் எப்படியும் எழுதத்தானே போறீங்க. அப்புறம் ஒயிட் டவுன்ல போறப்ப ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, 1761ல ஊரை இடிச்சுத் தள்ளிட்டாங்க, 1765க்கு மேலதான் திரும்பக் கட்டினாங்க, அதனால நீங்க பாக்கற தெருவுல பெரும்பாலான வீடு துய்ப்ளே பாத்தது கெடையாது.

சுதந்திரப் போராட்டம். நல்ல பேப்பர்தான், ஆனா பொதுவா 1947 ஆகஸ்ட் 15 வந்ததும் முடிஞ்சிடும். பாண்டிக்கு அன்னைக்கு முடியல, அங்க பிரெஞ்சு ஆட்சிதான் நடந்துட்டு இருந்துச்சு. 1936 ஜூலை 30ல எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடின மில் தொழிலாளிங்க மேல துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் செத்தாங்க. 1954 அக்டோபர் 18ல கீழூர்ல 178 பிரதிநிதிங்க ஓட்டு போட்டு, 170 பேர் இந்தியாவோட சேரணும்னும் 8 பேர் வேணாம்னும் சொன்னாங்க, நவம்பர் 1ல ஆட்சி கை மாறுச்சு, சட்டப்படி முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16. உங்க காலேஜ்ல புதுச்சேரி வரலாறுன்னு தனி பேப்பர் இருந்தா விடாதீங்க, இல்லன்னா சுதந்திரப் போராட்ட பேப்பர்ல பிரெஞ்சிந்தியா ஒரு யூனிட்டாவது வருதான்னு பாருங்க. கடலூர்க்காரங்களுக்கு, 1918 நவம்பர்ல பாரதியார் பாண்டியை விட்டு வெளிய வந்ததும் கைதாகி அடைபட்டது கடலூர் ஜெயில்லதான். முதுநகர் அஞ்சலையம்மாள் 1927ல சென்னையில இருந்த இங்கிலீஷ் தளபதி நீல் சிலையை எடுக்கச் சொன்ன சத்தியாகிரகத்துல ஜெயிலுக்குப் போனவங்க, 1937ல சட்டசபைக்குப் போனவங்க. பெண்கள் வரலாறுன்னு எலெக்டிவ் இருந்தா அவங்களைப் பத்தி எழுதுங்க, வெளியூர்ப் புள்ளைங்களுக்குக் கெடைக்காத விஷயம் உங்களுக்கு ஊருக்குள்ளயே கெடைக்கும்.

ஐரோப்பிய வரலாறு, உலக வரலாறு. பன்னெண்டாவதுல படிச்சது ஞாபகம் இருந்தா சுலபம். பேருங்க கஷ்டம், மேப்பு பாக்காம படிச்சா ஒண்ணும் நிக்காது. பிரெஞ்சுப் புரட்சி வந்தா அது பாண்டியிலயும் ஆட்டம் குடுத்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு படிங்க.

சுற்றுலா, அருங்காட்சியகவியல், தொல்லியல் அறிமுகம். என்எம்இல அடிக்கடி வர்றது. வேலைக்கு உதவுமான்னு கேப்பாங்க, நம்ம ஊர்ல டூரிஸ்ட் வர்றதால கைடு வேலை மாதிரி எதுக்காவது போற எண்ணம் இருந்தா எடுங்க. ஹோட்டல் வகை, டிக்கெட் புக்கிங் அதிகமா இருக்கற சிலபஸும் இதே பேர்ல வரும், ஹிஸ்டரி ஆசையில எடுக்கறவங்க யூனிட்டைப் பாத்துட்டு எடுங்க.

வரலாற்றியல், அதாவது ஹிஸ்டரியை எப்படி எழுதறாங்கன்னு படிக்கறது. பெரும்பாலும் பின்னாடி வருஷங்கள்லதான் வரும். மொத செமஸ்டர்லயே சாய்ஸ்ல இருந்தா மேஜர் இல்லாத புள்ளைங்க இப்ப வேணாம், கொஞ்சம் படிச்சிட்டு அப்புறம் எடுத்தா ருசிக்கும்.

டிஎன்பிஎஸ்சிக்காக எடுக்கறவங்களுக்கு

இது தப்பான காரணம் ஒண்ணும் கெடையாது, நம்ம வீடுகள்ல கவர்மென்ட் வேலைன்னா எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள்னு சிலபஸ்ல தனியாவே வருது, அதனால தமிழ்நாட்டு வரலாறும் நவீன இந்தியாவும் எடுத்தா ரெண்டு வேலையும் ஒண்ணா நடக்கும். ஆனா "போட்டித் தேர்வுக்கான வரலாறு"ன்னே ஒரு என்எம்இ இருந்தா யோசிங்க, அதுல பெரும்பாலும் ஒன் வேர்டு கேள்விதான் ஓடும், அதை கோச்சிங் சென்டர்லயும் நூலகத்துல உக்காந்தும் நீங்களே படிச்சுக்கலாம். காலேஜ்ல ஒரு வாத்தியார் முன்னாடி உக்காந்து கத்துக்கற வாய்ப்பை எழுதக் கத்துக்கறதுக்கு வச்சுக்கோங்க, குரூப் ஒன் மெயின்ஸ் வரைக்கும் போனா அங்க விரிவாத்தான் எழுதணும்.

வாத்தியார், டைம்டேபிள், மொழி

யார் எடுக்கறாங்கன்னு சீனியர்கிட்ட கேளுங்க, ஆனா "மார்க் போடுவாரா"ன்னு கேக்காதீங்க. "எழுதிக் குடுத்தா திருத்தித் தருவாங்களா, எங்கயாவது கூட்டிட்டுப் போவாங்களா, கேள்வி கேட்டா கோவிச்சுக்குவாங்களா" இந்த மூணையும் கேளுங்க. கெஸ்ட் லெக்சரர்னு சொன்னா முகம் சுளிக்கற பழக்கம் இருக்கு, அதை விட்டுடுங்க, ரொம்ப அக்கறையா நடத்தறவங்க அவங்கள்ல நெறைய பேர்.

தமிழ்ல எக்ஸாம் எழுதலாமான்னு மொத வாரமே தெளிவா கேட்டுக்கோங்க. எழுதலாம்னா, தமிழ்ல நல்லா எழுத வர்ற புள்ள கூச்சப்படாம தமிழ்லயே எழுதுங்க. யோசனை தெளிவா இருக்கறதுதான் ஹிஸ்டரிக்கு முக்கியம். கூடவே இங்கிலீஷ்ல வாரத்துக்கு ஒரு ரெண்டு பக்கம் படிச்சிட்டே வாங்க, பின்னாடி எம்.ஏ.வுக்கு சென்ட்ரல் யூனிவர்சிட்டி போகணும்னா கைகுடுக்கும்.

டைம்டேபிளும் முக்கியம். கடலூர்ல இருந்து பாண்டிக்கோ பாகூர்ல இருந்து லாஸ்பேட்டைக்கோ பஸ்ல வர்ற புள்ள, மொத ஹவர்ல இருக்கற எலெக்டிவ் எடுத்துட்டு தினமும் பாதி கிளாஸுக்கு வந்தா அட்டெண்டன்ஸும் போகும், பாடமும் போகும். ஆசைப்பட்ட பேப்பர் காலைல மொத ஹவர்னா, வேற யாராவது அதே ஊர்ல இருந்து முன்னாடி பஸ்ல வர்றாங்களான்னு பாத்து சேர்ந்துக்கோங்க, பொம்பளப் புள்ளைங்க வீட்லயும் அப்ப தைரியமா அனுப்புவாங்க.

மொத ரெண்டு வாரம்

சாய்ஸ் இருக்கற எடத்துல, மாத்திக்க எத்தன நாள் டைம்னு ஆபீஸ்ல கேட்டு தேதியை எழுதி வச்சுக்கோங்க. அதுக்குள்ள சந்தேகமா இருக்கற ரெண்டு பேப்பர் கிளாஸ்லயும் வாத்தியார்கிட்ட அனுமதி கேட்டு ஒவ்வொரு தடவை உக்காந்து பாருங்க, "மேடம், எடுக்கலாமா வேணாமான்னு பாக்கறேன், பின்னாடி உக்காந்துக்கறேன்"னு சொன்னா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. கிளாஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, அன்னைக்கு நடத்தினதை புக்கு பாக்காம அரைப் பக்கம் எழுதிப் பாருங்க. எழுத வந்துச்சுன்னா, எழுதறப்ப "இது ஏன் அப்படி"ன்னு ஒரு கேள்வியாவது உங்களுக்கே வந்துச்சுன்னா அந்த பேப்பரை எடுங்க.

புது கல்விக் கொள்கை முறையில இருக்கறவங்களுக்கு, மேஜரே தப்பா எடுத்துட்டோம்னு தோணினா ரெண்டாவது செமஸ்டர் முடிவுல மாத்திக்க யூஜிசி சட்டகத்துல வழி இருக்கு, ஆனா சீட் இருக்கணும், காலேஜ் ஒத்துக்கணும், அதனால மொத செமஸ்டர்லயே எச்ஓடிகிட்ட பேச்சை ஆரம்பிச்சிடுங்க. ஸ்வயம்னு இருக்கற மத்திய அரசோட தளத்துல ஆன்லைன் கோர்ஸ் எடுத்து கிரெடிட் சேர்க்கணும்னாலும் சேர்றதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல எழுத்துல சம்மதம் வாங்கிக்கோங்க, முடிச்சிட்டு வந்து கேட்டா ஏத்துக்கலன்னா உழைப்பு வீண்.

கடைசியா பார்ம் குடுக்கறப்ப, எடுத்த பேப்பரோட சப்ஜெக்ட் கோடு சரியா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க, பேர் ஒண்ணு போல இருக்கற பேப்பருக்கு கோடுல ஒரே ஒரு எழுத்துதான் மாறும். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, ஏபிசி ஐடி (உங்க கிரெடிட் எல்லாம் பதிவாகற கணக்கு) இல்லன்னா இப்பவே உண்டாக்கிக்கோங்க, எக்ஸாம் பீஸ் கட்டறப்ப ஸ்க்ரீன்ல அதே கோடு வருதான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க, வேறயா வந்தா அன்னைக்கே ஆபீஸ்ல எழுதிக் குடுத்து நகல்ல கையெழுத்து வாங்கிடுங்க.